எழுதியவன் கெடுத்த ஏடு

நமது சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், சர்க்கரைப் பொங்கலை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏதோ நம்பர் போடுற வேலைன்னு சொல்றாங்களே தம்பி, அதுக்கா பி.பார்ம். படிச்சே?" கேட்டதில் குத்தல் இல்லை, உண்மையான கவலைதான் இருந்தது. அவருடைய பேத்தியும் அதே வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பந்தியில் வைத்துச் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லாததால் அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

கழக்கூட்டத்தை அடுத்து 1990-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கிலும், அதைச் சுற்றி எழுந்துள்ள கட்டடங்களிலும் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நர்சிங்கோ, பார்மசியோ, உயிரியலோ படித்துவிட்டு வந்தவர்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்து, அந்த நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது வேலை. அந்த எண்ணை வைத்துத்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கிறது. ஆகவே இதைக் கணக்குப்பிள்ளை வேலை என்று நினைப்பவர்கள் அதிகம். பாதி உண்மை அது. மறுபாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நோய்களுக்கு எண் போடும் வழக்கம் காப்பீட்டுக்காகப் பிறந்ததல்ல. மக்கள் எதனால் சாகிறார்கள் என்று ஊருக்கு ஊர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 1893-இல் பிரெஞ்சுக்காரரான ஜாக் பெர்டிலான் ஒரு பட்டியல் வகுத்துக் கொடுத்தார். 1948-இல் உலக சுகாதார நிறுவனம் அதன் பொறுப்பை ஏற்றது. அதன் பத்தாம் பதிப்பைத் தனக்கேற்ப விரித்து, 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்கா பயன்படுத்தி வருகிறது. சாவுக்கணக்கு எடுக்கப் பிறந்த பட்டியல் என்பதால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார்.

அபினி வகை மருந்துகளை எடுத்துக் கொள்வோம். ஓபியாய்டு என்று ஆங்கிலத்தில் சொல்லும் இந்தக் குடும்பத்தில் மார்பின், கோடீன், டிரமடால், பென்டனில் போன்ற மருந்துகளும் இருக்கின்றன, ஹெராயினும் இருக்கிறது. வலியை ஆற்றுவதும் இவைதான், அளவு மீறினால் மூச்சை நிறுத்துவதும் இவைதான். அமெரிக்காவில் 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் மருந்தோ போதைப்பொருளோ அளவு மீறியதால் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் சாவில் அபினி வகையே சம்பந்தப்பட்டிருந்தது. இத்தனை பேர் இறந்தார்கள் என்று எப்படித் தெரிந்தது? யாரோ எழுதினார்கள், யாரோ எண் போட்டார்கள். அதனால் தெரிந்தது.

நான் வேலையில் பார்த்த எந்த நோயாளியைப் பற்றியும் இங்கே சொல்லவில்லை. சொல்லக் கூடாது, சட்டமும் அதுதான், நியாயமும் அதுதான். மாதிரிக்காக ஒன்றை நானே கற்பனை செய்கிறேன். ஒருவரை மயங்கிய நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு வருகிறார்கள். கண்ணின் பாவை குண்டூசி முனையாகச் சுருங்கியிருக்கிறது. மூச்சு மிக மெதுவாக வருகிறது. நாலாக்சோன் கொடுத்ததும் விழித்துக் கொள்கிறார். மருத்துவர் 'ஓபியாய்டு' என்ற சொல்லை எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விடுகிறார். இப்போது எண் போடுபவர் முன்னால் கேள்விகள் வரிசையாக நிற்கின்றன.

எந்த அபினி வகை? ஹெராயின் என்றால் டி 40.1. மார்பின், கோடீன், ஆக்சிகோடோன் போன்றவை டி 40.2. மெத்தடோன் டி 40.3. பென்டனிலும் டிரமடாலும் டி 40.4 என்ற ஒரே தொட்டியில் கிடந்தன. ஒன்று ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்துக் கொண்டிருக்கும் பொருள், மற்றது மூட்டுவலிக்கும் எழுதிக் கொடுக்கும் மாத்திரை. இரண்டையும் பிரித்துப் பார்க்க அமெரிக்கப் பட்டியலில் 2020 அக்டோபர் 1 அன்றுதான் தனித்தனி எண் கிடைத்தது.

அடுத்தது, எப்படி நேர்ந்தது? எண்ணின் ஆறாவது இடம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. தவறுதலாக நடந்திருந்தால் 1. தானே உயிரை விட நினைத்திருந்தால் 2. பிறர் கொடுத்துக் கெடுத்திருந்தால் 3. எப்படி நடந்தது என்று தீர்மானிக்க முடியவில்லை என மருத்துவரே எழுதியிருந்தால் 4. மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்னபடியே சாப்பிட்டும் உடம்புக்கு ஒத்துக் கொள்ளாமல் போயிருந்தால் 5. சொன்ன அளவைவிடக் குறைத்துச் சாப்பிட்டாலோ, தானாகவே நிறுத்திவிட்டாலோ 6.

மருந்து ஒன்றே, மயக்கமும் ஒன்றே. இருந்தும் 5 என்று போட்டால் அவர் மருத்துவர் சொல்படி நடந்த நோயாளி, 1 என்று போட்டால் அளவு மீறியவர், 2 என்று போட்டால் சாகத் துணிந்தவர். அதே மாத்திரையைச் சொன்ன அளவில்தான் விழுங்கினார், ஆனால் கூடவே மதுவும் அருந்தினார் என்றால் 5 செல்லாது. அது நஞ்சேறியதாகவே கொள்ளப்படும். மருத்துவர் ஒன்றுமே எழுதாவிட்டால் விதி என்ன தெரியுமா? தவறுதலாக நடந்ததென்று கொள்ள வேண்டும். உயிரை விட நினைத்த ஒரு பெண்ணைப் பற்றி வீட்டாரும் வாய் திறக்காமல், மருத்துவரும் கேட்காமல் விட்டால், ஏட்டில் அவள் கைதவறி மருந்தை விழுங்கியவள் ஆகிவிடுவாள். வீட்டுக்கு அனுப்பும்போது அவளுக்கு ஆறுதல் சொல்லும் மனநல மருத்துவர் ஒருவரை யாரும் தேட மாட்டார்கள்.

மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்க விடாதது. இந்த மனிதருக்கும் இந்த மருந்துக்கும் என்ன உறவு? அதற்கு எஃப் 11 என்ற வரிசை இருக்கிறது. பயன்படுத்துகிறார், தவறாகப் பயன்படுத்துகிறார், சார்ந்திருக்கிறார் என்று மூன்று படிகள். ஏட்டில் இரண்டு படிகள் காணப்பட்டால் மேல்படியை மட்டுமே போட வேண்டும் என்பது விதி. அதே சமயம், வலிக்காக மருத்துவர் மேற்பார்வையில் நெடுநாளாக இந்த மருந்தைச் சாப்பிடுபவருக்கு வேறு ஓர் எண் இருக்கிறது: இசட் 79.891. அதில் குற்றம் குறை எதுவும் இல்லை. இவர் இந்த மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுகிறார் என்று மட்டும் அது சொல்லும். எஃப் 11.20 என்றால் சார்புநோய். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் நான் என் குடும்பத்தில் அளந்து பார்த்தேன்.

2016-ஆம் ஆண்டு. நாகர்கோவிலை அடுத்த எங்கள் ஊரில் என் சித்தப்பாவுக்கு வாயில் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வலியில்லாமல் பார்த்துக் கொள்ளுங்கள் என்று சொல்லி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு மார்பின் மாத்திரை என எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை வந்த பிறகு அவர் கஞ்சி குடித்தார். திண்ணையில் வந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார். சில வாரங்கள் கழித்துப் பரிசோதனைக்குப் போய் வந்தபோது கொடுத்த சீட்டில், நோயின் பெயர்களுக்குக் கீழே ஒரு புதிய வரி இருந்தது. சித்தி எனக்குப் போன் செய்து எழுத்துக் கூட்டி வாசித்தார். ஓபியாய்டு டிபென்டன்ஸ்.

"இது என்னடா புதுசா ஒரு நோய்?" என்று கேட்டார் சித்தி.

நான் அப்போது கோடிங் வேலையில் ஊறிப் போயிருந்தேன். எண் மனப்பாடம். யோசிக்காமல் சொன்னேன்: "அது ஒண்ணுமில்ல சித்தி, அபினிக்கு அடிமைன்னு அர்த்தம்."

சித்தி பதில் பேசாமல் போனை வைத்துவிட்டார். அன்று இரவே மாத்திரையை நிறுத்திவிட்டார். "குடிகாரன்னு ஒருநாள் பேர் வாங்காத மனுஷன், போற காலத்துல அபினிக்காரன்னு பேர் வாங்கணுமா?" என்று அக்கம்பக்கத்தில் சொன்னாராம். எனக்கு ஒன்றும் தெரியாது. நான்கு நாள். வலி ஒரு பக்கம். திடீரென்று மருந்தை நிறுத்தியதால் வந்த வியர்வை, வயிற்றுப்போக்கு, நடுக்கம், தூக்கமின்மை மறுபக்கம். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்த வலிநிவாரணப் பிரிவு நர்ஸ் பார்த்துத் திடுக்கிட்டு, மருத்துவரிடம் போனில் கேட்டு, குறைந்த அளவில் மறுபடியும் தொடங்கி வைத்தார். அதன்பின் ஏழு வாரம் சித்தப்பா இருந்தார். அமைதியாகவே போனார். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் சித்தி சொன்னார்: "நீ படிச்சவன், நீ சொன்னியேன்னுதான்பா நிறுத்தினேன்."

எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது நம் பழமொழி. ஏட்டைக் கெடுத்தவரை நான் அறிவேன். அவசரத்தில் ஒற்றை வரி எழுதிய மருத்துவர். பாட்டைக் கெடுத்தவன் நான்.

அந்த வரியின் பொருள் என்ன? அபினி வகை மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்டால் யாருடைய உடம்பும் அதற்குப் பழகும். திடீரென நிறுத்தினால் உடம்பு தவிக்கும். இது உடம்பின் இயல்பு. போதை அடிமைத்தனம் என்பது வேறு: கேடு என்று தெரிந்தும் விட முடியாமல், வேலையையும் குடும்பத்தையும் மறந்து அதையே தேடி அலைவது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் கையேடு இதைத் தெளிவாகவே பிரிக்கிறது. பதினொரு அடையாளங்களில் இரண்டாவது இருந்தால்தான் கோளாறு என்கிறது. மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிடுபவருக்கு உடம்பு பழகிப் போவதையும், நிறுத்தினால் தவிப்பதையும் அந்த அடையாளங்களில் சேர்க்கக் கூடாது என்கிறது. இந்த அளவுகோலில் சித்தப்பாவுக்கு எந்தக் கோளாறும் இல்லை. இசட் 79.891 அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அந்த நான்கு நாட்களுக்கு வேண்டுமானால் எண்ணின் ஆறாம் இடத்தில் 6 போட்டிருக்கலாம். சொன்ன மருந்தைச் சாப்பிடாமல் நிறுத்தியதற்கான எண் அது. அதற்குக் காரணம் யார் என்று எழுத அந்தப் பட்டியலில் இடமில்லை.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்ததென்று நினைக்க வேண்டாம். நம் நாடே இந்தச் சொல்லுக்குப் பயந்த கதை உண்டு. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. போதையைத் தடுக்க வந்த சட்டம், உரிமத்துக்கு மேல் உரிமம் கேட்டு மருத்துவமனைகளையும் மருந்துக்கடைகளையும் மார்பினைத் தொடவே அஞ்ச வைத்தது. 1997-இல் இந்தியா முழுவதும் பயன்படுத்திய மார்பின் வெறும் 18 கிலோ. சட்டத்துக்கு முன்பிருந்ததில் நூற்றுக்கு மூன்று பங்குதான் மிச்சம். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு அபினி விளைவித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் நாடு, தன் புற்றுநோயாளிகளை வலியில் துடிக்க விட்டது. இந்த நிலையை மாற்றப் போராடியவர்களில் முக்கியமானவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். அவர் 2003-இல் தொடங்கிய பேலியம் இந்தியா அமைப்பு இதே திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. 2008-இல் கேரள அரசு வலிநிவாரண சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, இன்றியமையாத மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதிமுறை என்றாக்கியது.

ஒரே நகரத்தில் ஒரு முனையில் மார்பின் கிடைக்கவில்லையே என்று போராடிய மருத்துவர்கள். மறுமுனையில் அபினி வகை மிதமிஞ்சிப் போனதால் அமெரிக்காவில் விழுந்த மனிதர்களுக்கு எண் போடும் நம் பிள்ளைகள். இரண்டுமே ஒரே மருந்தின் கதை. அமெரிக்காவில் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து வலிக்கு இந்த மருந்துகளைத் தாராளமாக எழுதித் தள்ளினார்கள், அழிவு வந்தது. பிறகு பயந்து சடக்கென்று நிறுத்தினார்கள். நிறுத்தியதிலும் நோயாளிகள் துன்பப்பட்டார்கள். திடீரென நிறுத்தாதீர்கள் என்று 2019-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரிக்க வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டில் நான்கு நாளில் நடந்ததும் அதேதான்.

போதையைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். இந்தியாவில் 2.26 கோடிப் பேர் ஏதோ ஒரு வகையில் அபினி வகையைப் பயன்படுத்துகிறார்கள் என்று மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆனால் அவர்களில் எத்தனை பேர் அதனால் சாகிறார்கள் என்று கேட்டால் ஏட்டைத்தான் புரட்ட வேண்டும். நம் ஏடோ பாதி வெறுமை. 2020-இல் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிக் கொடுத்தவை நூற்றுக்கு 22.5 மட்டுமே. மற்றவர்கள் 'இறந்தார்' என்பதோடு சரி. நம் வீடுகளில் ஒரு வாலிபன் போதையில் இறந்தால் 'மாரடைப்பு' என்று சொல்லி மூடிவிடுகிறோம். மானம் காப்பாற்றப்படுகிறது, அடுத்த வீட்டுப் பிள்ளை காப்பாற்றப்படுவதில்லை.

"எண் போடுபவருக்கு என்ன அதிகாரம்? மருத்துவர் எழுதியதைத்தானே போட முடியும்?" என்று என்னோடு வேலை பார்ப்பவர்களே கேட்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஏடு, நூற்றுக்கு 95 சரியாக இருக்க வேண்டும் என்ற கணக்கு தலைக்கு மேல் தொங்கும்போது நின்று யோசிக்க நேரம் ஏது என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விகள். எண் போடுபவர் நோயை நிர்ணயிக்கக் கூடாது. அது மருத்துவரின் வேலை. ஆனால் ஏடு தெளிவாக இல்லை என்றால் மருத்துவரிடம் எழுத்து மூலம் கேட்க நமக்கு வழி இருக்கிறது. பதிலை நாமே ஊட்டாமல், 'இதுவா, அதுவா, வேறா, தீர்மானிக்க இயலவில்லையா' என்று நேர்மையாகக் கேட்க வேண்டும் என்ற ஒழுங்கும் இருக்கிறது. புற்றுநோயாளியின் ஏட்டில் 'டிபென்டன்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லைக் கண்டால் அந்தக் கேள்வியைக் கேட்க ஐந்து நிமிடம் செலவாகும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடுங்கள் என்றுதான் எனக்குக் கீழே வேலை கற்றுக் கொள்ளும் பிள்ளைகளிடம் சொல்லி வருகிறேன். கணக்குக் குறைந்தால் என் பெயரைச் சொல்லட்டும்.

குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே நம் பெரியவர்களின் மருத்துவச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது, நர்ஸ் மலையாளத்தில் விளக்குகிறார், நாம் தமிழில் புரிந்து கொள்கிறோம். மூன்று மொழி கடந்து வரும்போது ஒரு சொல் எப்படியெல்லாம் திரியும் என்பதற்கு நானே சாட்சி. ஆகவே சீட்டைக் கையில் வாங்கியதும் மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே புரியாத வரியைக் காட்டி, "இதற்கு என்ன அர்த்தம், இதனால் மருந்தில் மாற்றம் உண்டா?" என்று எழுதியவரிடமே கேளுங்கள். கோடிங் வேலை பார்க்கும் மருமகனிடமோ அண்ணன் மகனிடமோ போனில் கேட்காதீர்கள். அவனுக்கு எண் தெரியும், உங்கள் நோயாளியைத் தெரியாது. வலி மருந்தை யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள், கூட்டவும் செய்யாதீர்கள். மாத்திரையைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். வீட்டில் ஒருவர் உண்மையிலேயே போதையில் சிக்கியிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்; மறைத்தால் அவருக்கு உரிய சிகிச்சையும் மறைந்து போகும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் பட்டிமன்றமும் கோலப்போட்டியும் நடக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலை இதற்கென்று ஒதுக்கலாமே. வலிநிவாரணப் பிரிவு நர்ஸ் ஒருவரையும், கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலரையும் முன்னால் உட்கார வைத்து, அவரவர் வீட்டுச் சீட்டைக் கொண்டு வந்து தமிழில் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். அரங்கத்துக்கு வாடகை கூட ஆகாது.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் என்று மருத்துவத்துக்கு நான்கு பகுதி வகுத்தார் வள்ளுவர். அவர் காலத்தில் ஏடு எழுதி எண் போடுபவர் இல்லை. இருந்திருந்தால் ஐந்தாவதாகச் சேர்த்திருப்பாரோ என்னவோ. பந்தியில் என்னிடம் கேட்ட பெரியவருக்கு நான் சொல்ல விரும்பும் பதில் இதுதான்: ஐயா, உங்கள் பேத்தி பார்ப்பது நம்பர் போடுகிற வேலைதான். அந்த நம்பர் ஒரு மனிதரைப் பற்றி ஊர் என்ன சொல்லப் போகிறது என்பதைத் தீர்மானிக்கும். அதைப் போடுவதற்கு முன்னால் அவள் ஒருமுறை நின்று யோசிக்கட்டும். நான் யோசிக்கவில்லை.